மாடி இல்லாதவர்களுக்குச் சூரிய மின்சாரத்தில் என்ன பங்கு?

திருவொற்றியூர் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக் கூரையில் சோலார் போட மானியம் தருகிற பிஎம் சூர்யா கர் திட்டம் பற்றி இந்த மன்றத்தில் ஏற்கெனவே நிறைய இழைகள் ஓடுகின்றன. எந்த பேனல் நல்லது, நெட் மீட்டர் (நாம் எடுக்கிற, கொடுக்கிற மின்சாரம் இரண்டையும் கணக்கிடுவது) வர எத்தனை நாள் ஆகும், எந்த வெண்டாரை நம்பலாம் என்று. அதெல்லாம் தேவையான பேச்சுதான், நான் கேட்க வருவது வேறு.

2024 பிப்ரவரி கடைசியில் ஒன்றிய அமைச்சரவை இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் 75,021 கோடி ரூபாய். இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒரு கிலோவாட் போட்டால் 30,000, இரண்டு போட்டால் 60,000, மூன்றும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம். சரி, இதை வாங்க என்ன வேண்டும்? சொந்த வீடு வேண்டும். கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி நிழல் விழாத, பாரம் தாங்குகிற கூரை வேண்டும். பெயரில் மின் இணைப்பு இருக்க வேண்டும். மானியம் போக மீதிப் பணத்தைப் புரட்ட வேண்டும், இல்லையென்றால் வங்கி நம்பிக் கடன் கொடுக்கிற ஆளாக இருக்க வேண்டும்.

இப்போது எண்ணூரிலிருந்து அத்திப்பட்டு, வல்லூர் வரை ஒரு பார்வை பாருங்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட், 1970 வாக்கில் ஓட ஆரம்பித்து 2017 மார்ச்சில் மூடினார்கள். வட சென்னை அனல்மின் நிலையம் 630, அதன் இரண்டாம் நிலை 1,200, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் நிலை 800. வல்லூர் 1,500. மூடியதை விட்டுவிட்டுக் கூட்டினாலே 4,130 மெகாவாட். இவ்வளவும் ஒரே கழிமுகத்தைச் சுற்றி. சாம்பல் குழாய்க் கசிவால் கொசஸ்தலை ஆறும் கழிமுகமும் கெட்டதற்கு மின்வாரியம்தான் பொறுப்பு, சரி செய்து கொடு என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் சொன்னது. அந்த ஆற்றில் இருளர்கள் வலை போடுவதில்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறிக் கூடையில் போடுவார்கள். கைக்குச் சேறு தட்டுப்பட வேண்டிய இடத்தில் சாம்பல் தட்டுப்பட்டால் அந்தத் தொழில் அவ்வளவுதான்.

இந்த மக்களின் வீடு என்ன? ஆஸ்பெஸ்டாஸ், ஓலை, வாடகை வீடு, அரசு வீட்டு வாரியக் குடியிருப்பு. ஐம்பது வருடமாக ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுத்துப் புகையைத் தின்றவர்களுக்கு, அரசு சுத்தமான மின்சாரத்துக்கு என்று எடுத்து வைத்த 75,021 கோடியில் எந்த வழியில் ஒரு பங்கு போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீட்டர் ரீடிங்

தம்பி, கேள்வி நியாயம். நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன்.

ஏழை வீட்டுக் கூரையில் பேனல் வைத்தால் அவருக்கு என்ன மிச்சமாகும் என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு ஃபேன், நாலு விளக்கு, டிவி, மிக்சி உள்ள வீடு இரண்டு மாதத்தில் 150, 180 யூனிட் ஓட்டும், பில் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நாலு யூனிட் கொடுக்கும் என்றால் அந்த வீட்டுத் தேவைக்கு மேலேயே வருகிறது, ஆனால் பில்லில் மிச்சமாவது அதே இருநூறு ரூபாய்தான். போட்ட பணத்தை அவர் எடுப்பதற்குள் பேனலின் ஆயுள் முடிந்துவிடும். இரண்டு ஏசி ஓடுகிற வீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் ஆயிரத்துக்கு மேல் ஓட்டுகிறார், கட்டணத்தின் மேல் அடுக்கில் யூனிட் ஒன்பது ரூபாய்க்கு மேல் போகிறது. அவர் மூன்று கிலோவாட் போட்டு 78,000 மானியமும் வாங்கினால் மூன்று நான்கு வருடத்தில் போட்டதை எடுத்துவிடுவார். மின்சாரம் நிறையச் செலவழிக்கிறவருக்குத்தான் லாபம் என்பது திட்டத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. மேல் அடுக்கில் கட்டுகிறவர்களின் பணத்தில்தான் கீழ் அடுக்கின் விலை இத்தனை நாள் தாங்கி நின்றது. அவர்கள் பகல் மின்சாரத்தைத் தாங்களே எடுத்துக் கொண்டு, ராத்திரி ஏழு மணிக்கு ஏசி போடும்போது மட்டும் நம் கம்பிக்கு வந்தால், அந்தக் கம்பி, டிரான்ஸ்பார்மர், ஃப்யூஸ் போடப் போகிற வயர்மேன் இதற்கெல்லாம் ஆகும் செலவு மிச்சம் இருக்கிறவர்கள் தலையில் விழும். மாநில மின் நிறுவனங்களின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டி நிற்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. மாடி சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நான் வேலையில் இருந்தபோது பலரைப் போடச் சொல்லியிருக்கிறேன். பில் குறைவது என்ற வழியில் ஏழைக்கு நீதி வராது என்றுதான் சொல்கிறேன். வேறு வழியில்தான் வர வேண்டும்.

எட்டாவது மாடி

மீட்டர் சார், உங்கள் இருநூறு ரூபாய்க் கணக்கு அப்படியே எங்கள் வீடு. ஆனால் எங்கள் மின்சாரச் செலவு வீட்டுக்குள் மட்டும் முடிவதில்லை.

கூவம் கரையில் இருந்த எங்களை எடுத்து ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடங்களில் குடிவைத்தார்கள். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் பொது இணைப்பு. மோட்டார் ஓடவில்லை என்றால் தண்ணீர் மேலே ஏறாது. மூட்டு வலியுள்ள அம்மாக்கள் குடத்தை ஒரு மாடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி அப்படியே ஆறு ஏழு மாடி ஏறுகிறார்கள். சிலர் வெளியே போவதையே விட்டுவிட்டார்கள். படிக்கட்டு விளக்கு பாதி நாள் எரியாது, வயசுப் பெண்கள் ராத்திரி வேலை முடிந்து வந்தால் அம்மாவோ அண்ணனோ கீழே போய் நின்று கூட்டி வர வேண்டியிருக்கிறது.

எங்கள் கட்டடத்துக்கு மேலே அவ்வளவு பெரிய மொட்டை மாடி இருக்கிறது, பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அதில் பேனல் போட்டு இந்தப் பொது இணைப்பை ஓட்ட முடியுமா? அந்த மானியம் எங்களைப் போன்ற சங்கத்துக்குக் கிடைக்குமா? தனித்தனியாக ஒரு குடும்பத்தால் எதுவும் முடியாது.

சோலார் டெக்னீஷியன்

அக்கா, கிடைக்கும். இதைப் பலருக்குத் தெரியாது. அதே சூர்யா கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் குடியிருப்பு சொசைட்டிகளுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கு என்று கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் தனி மானியம் இருக்கிறது. வீட்டுக்கு மூன்று கிலோவாட் கணக்கில் அதிகபட்சம் 500 கிலோவாட் வரை. பதிவு செய்த சங்கம் வேண்டும், கட்டடம் யார் பேரில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும்.

தண்ணீர் டேங்க், லிஃப்ட் ரூம் எல்லாம் போக மூவாயிரம் சதுர அடி கிடைத்தது என்று வைத்துக் கொள்வோம், 30 கிலோவாட் உட்காரும். நாளுக்கு 120 யூனிட், இரண்டு மாதத்துக்கு 7,200. பொது இணைப்பில் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது, அப்படியானால் இரண்டு மாதத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். அந்தப் பணத்தில் லிஃப்டுக்கு ஒழுங்காகப் பராமரிப்பு ஒப்பந்தம் போடலாம், படிக்கட்டு பல்பை உடனுக்குடன் மாற்றலாம்.

ஆனால் ஒன்று. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாந்ததாக நினைக்கக் கூடாது. மானியத்தில் வருகிற ஆன்-கிரிட் சோலார், அதாவது வாரிய லைனோடு இணைந்து ஓடுவது, லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். நட்டநடு வெயிலாக இருந்தாலும் நிற்கும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் மேல் ஷாக் அடிக்காமல் இருப்பதற்காக இன்வெர்டரை அப்படித்தான் செய்கிறார்கள். பவர் கட்டிலும் லிஃப்ட் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்டர் வேண்டும், பேட்டரிக்கு இந்த மானியம் கிடையாது. லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும் அளவான பேட்டரி வைக்கலாம், அதற்கு எம்எல்ஏ நிதி, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி என்று வேறு இடத்தில்தான் கேட்க வேண்டும்.

பராமரிப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011இல் தமிழ்நாடு அரசு சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் கொண்டு வந்தது. 300 சதுர அடி வீடு, 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 சோலாருக்கு, வீட்டுக்கு ஐந்து விளக்கு. கிராமத்து ஏழைக்கு வீட்டோடு சேர்த்து சோலார் கொடுக்க வேண்டும் என்று நாட்டில் பலர் யோசிப்பதற்கு முன்பே நம் மாநிலம் யோசித்தது, அது பெரிய விஷயம். ஆனால் நான் சர்வீஸுக்குப் போகிற ஊர்களில் அப்படிப்பட்ட வீடுகளில் என்ன பார்க்கிறேன் தெரியுமா? பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருக்கும். மூடியைத் திறந்தால் டிஸ்டில்டு வாட்டர் வற்றி பிளேட் வெளியே தெரியும். ஒரு வீட்டில் எல்லாம் நன்றாக இருந்து சார்ஜ் கன்ட்ரோலரில் ஒரு ஃப்யூஸ் மட்டும் போயிருந்தது, பத்து ரூபாய்ச் சாமான், அதற்காக வருடக்கணக்கில் விளக்கு எரியவில்லை. யாரைக் கூப்பிட வேண்டும் என்று அந்த வீட்டுப் பெரியவருக்குத் தெரியாது. பேட்டரி சில வருடத்தில் சாகும் என்று எல்லாருக்கும் தெரியும், அது செத்தால் புதுசு வாங்க யார் பணம் கொடுப்பார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஏழைகளுக்கு என்று வருகிற சோலார் திட்டத்தில் முதலில் நான் தேடிப் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.

தாமிரபரணிக்காரன்

எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள், மறு பக்கத்தையும் வைக்கிறேன். பருவநிலை மாற்றத்தில் முதலில் அடிபடுவது ஏழைதான். 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் ஸ்ரீவைகுண்டமும் மூழ்கியபோது நான் பார்த்தேன், மாடி வீட்டுக்காரர் மேலே ஏறி உயிர் பிழைத்தார், குடிசைக்காரர் எல்லாவற்றையும் இழந்தார். அப்படியானால் நிலக்கரியைச் சீக்கிரம் குறைப்பதே அவர்களுக்குச் செய்கிற முதல் நீதி இல்லையா? சீக்கிரம் குறைய வேண்டும் என்றால் பெரிய சோலார் பூங்காக்கள்தான் வழி. 2017இல் ராஜஸ்தான் பட்லாவில் யூனிட் 2.44 ரூபாய்க்கு ஏலம் போனது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதி சோலார் நிலையத்துக்கு அதற்குச் சில வருடம் முன்பு கொடுத்த விலை 7.01. பெரிதாகப் போடப் போட விலை இறங்குகிறது, அது ஏழைக்கும் நல்லதுதான். ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் சீமைக் கருவேலம் மண்டிய நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கர் சும்மா கிடக்கிறது. அங்கே பேனல் போடுவதற்கும் ஆயிரம் நிபந்தனை வைத்தால் முதலீட்டாளர் குஜராத்துக்குப் போய்விடுவார். புகை மட்டும் எண்ணூரிலேயே நிற்கும்.

கரிசல்காட்டான்

அண்ணே, நீங்கள் சொல்கிற மற்றதெல்லாம் எனக்கும் சம்மதம். நிலம் சும்மா கிடக்கிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. நான் அந்தப் பக்கத்துக்காரன்.

கருவேலங்காட்டில் கரி மூட்டம் போடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வெட்டிய கட்டையைக் குவியலாக அடுக்கி, மேலே வைக்கோலும் இலை தழையும் போட்டு, ஈர மண் பூசி மூடுவார்கள். அடியில் தீ வைத்துவிட்டு நாள்கணக்கில் அதைக் காவல் காக்க வேண்டும். மண்ணில் வெடிப்பு விட்டுக் காற்று புகுந்தால் அவ்வளவும் சாம்பலாகிவிடும், அதனால் ராத்திரியும் ஒருத்தர் விழித்திருந்து வெடித்த இடத்தில் மண் அப்புவார். அணைந்ததும் பெண்கள் கரியைக் கிளறி, சலித்து, மூட்டை பிடிப்பார்கள். மானாவாரியில் மழை பொய்த்த வருடமெல்லாம் எங்கள் ஊர்களில் அடுப்பு எரிந்தது இந்தக் கரிக் கூலியிலும் ஆடு மேய்ப்பதிலும்தான். கருவேலம் நல்ல மரம் என்று நான் சொல்லவில்லை, நிலத்தடி நீருக்கு அது எதிரி. ஆனால் அதை நம்பி ஆட்கள் இருந்தார்கள்.

கமுதி நிலையம் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 4,550 கோடி முதலீடு, 2016இல் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்திலும் சுற்றிலும் சின்னதும் பெரியதுமாக வந்துகொண்டே இருக்கின்றன. பொதுவாக நடப்பது இதுதான்: பட்டா வைத்திருப்பவர் மதுரையிலோ சென்னையிலோ இருக்கிறார், புரோக்கர் மூலம் விற்றுவிடுகிறார். வெட்டுகிறவருக்கும் மேய்க்கிறவருக்கும் நிலத்தில் பெயர் இல்லை, அதனால் பேச்சுவார்த்தையிலும் பெயர் இல்லை. கட்டுமானம் நடக்கிற வரை கூலி வேலை உண்டு, அப்புறம் வாட்ச்மேன், புல் வெட்டுவது, பேனல் கழுவுவது, அதுவும் ஒப்பந்தக்காரர் வைத்த ஆளுக்குத்தான். எங்கள் பக்கத்தில் ஒரு திட்டத்தின் கம்பி வேலி நீர்வரத்து ஓடைக்குக் குறுக்கே போய்விட்டது. மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் வேறு பக்கம் திரும்பி மிளகாய்க் காட்டில் நின்றது. மனு கொடுத்து அலைந்தோம்.

இதில் இன்னொன்று. அனல்மின் நிலையம் என்றால் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அனுமதி வாங்க வேண்டும், கருத்துக்கேட்புக் கூட்டம் போட வேண்டும், நாம் போய் மைக் பிடித்து நாலு வார்த்தை பேசலாம். சூரிய மின் நிலையத்துக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். சுத்தமான மின்சாரம் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாயிரம் ஏக்கர் கைமாறும்போதுகூட ஊர் மக்களை உட்கார வைத்து ஒரு கூட்டம் நடத்தச் சட்டம் கேட்பதில்லை. நாங்கள் திட்டமே வேண்டாம் என்று சொல்கிற ஆட்கள் இல்லை. எங்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றால் அது முதலீட்டைத் துரத்துகிற நிபந்தனையா அண்ணே?

தாமிரபரணிக்காரன்

கருத்துக்கேட்பு விலக்கு பற்றி நீங்கள் சொன்னது முக்கியமான விஷயம், நீர்வரத்து ஓடையை மறிப்பது எந்தத் திட்டமானாலும் தப்புதான். ஆனால் நடைமுறையில் என்ன செய்யச் சொல்கிறீர்கள்? நிலம் விற்கிறவர் தனியார், வாங்குகிறவர் தனியார். அரசு எந்த இடத்தில் உள்ளே நுழையும்?

மீட்டர் ரீடிங்

நுழைய இடம் இருக்கிறது, பக்கத்து மாநிலங்களே காட்டியிருக்கின்றன.

கர்நாடகாவில் துமகூரு மாவட்டம் பாவகடா. 2,050 மெகாவாட், ஐந்து கிராமங்களில் 13,000 ஏக்கர். அங்கே அரசு நிறுவனம் நடுவில் நின்றது, நிலத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 5 சதவீதம் உயர்வு. நிலம் விவசாயி பேரிலேயே இருக்கிறது. கமுதி மாதிரி விற்றுவிட்டுப் போவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அங்கேயும் கரிசல்காட்டான் சொன்ன அதே ஓட்டை: குத்தகைப் பணம் நிலம் உள்ளவருக்கு, நிறைய நிலம் உள்ளவருக்கு நிறைய. அந்த நிலத்தில் களை எடுத்த கூலிக்காரருக்கு வேலையும் போச்சு, குத்தகையும் இல்லை. அவர்களில் தலித் குடும்பங்கள் நிறைய.

மகாராஷ்டிரம் 2023இல் விவசாய ஃபீடர்களை (பம்புசெட்டுகளுக்குப் போகிற மின்வழிகளை) சோலாருக்கு மாற்றுகிற திட்டத்தைப் புதுப்பித்தபோது ஹெக்டேருக்கு வருடம் 1.25 லட்சம் குத்தகை, ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு என்று வைத்தார்கள். அதோடு, நிலையம் அமைகிற கிராம ஊராட்சிக்கு மூன்று வருடம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். ஊராட்சிக்குக் கொடுக்கிற பணம் என்றால் நிலமில்லாதவருக்கும் அதில் கேள்வி கேட்க உரிமை உண்டு, கிராம சபையில் எழுந்து நிற்கலாம். மூன்று வருடத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. பேனல் இருபத்தைந்து வருடம் ஓடும்போது ஊருக்கு மட்டும் ஏன் மூன்று வருடம்?

பவானி ஆத்தங்கரை

ஊராட்சி என்றதும் எங்கள் பக்கத்து ஓடந்துறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி நீலகிரி அடிவாரத்தில் இருக்கிற ஊராட்சி. 2006இல் உடுமலை பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை 1.55 கோடி. ஊராட்சி சேர்த்து வைத்த 40 லட்சம், மீதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிச்சமான மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்திலேயே கடனையும் அடைத்தார்கள். அப்போது தலைவராக இருந்த சண்முகம் அவர்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஊரில் ஏழைகளுக்குத் தொகுப்பு வீடுகளும் வந்தன.

நான் இதில் கவனிப்பது யார் பேரில் இருக்கிறது என்பதைத்தான். ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஒரு பேனல் என்று ஆரம்பித்திருந்தால் கூரை இல்லாதவர் அப்போதே வெளியே நின்றிருப்பார். காற்றாலை ஊர் பேரில் இருந்ததால் குடிசைக்காரரும் அதில் பங்காளி. இருபது வருடம் ஆகப் போகிறது, இதைப் பார்த்து அடுத்த நூறு ஊராட்சிகளுக்கு அரசே கடன் உத்தரவாதம் கொடுத்திருக்கலாம். ஊராட்சி கையில் 40 லட்சம் சேமிப்பு இருப்பது எல்லா ஊரிலும் நடக்காது, அந்த முதல் பணத்தைக் கொடுப்பதுதான் அரசு முதலீடு என்று நான் நினைக்கிறேன்.

ஆய்வு மாணவி

தம்பி கேட்ட முதல் கேள்விக்கு, கூரை இல்லாதவருக்கு என்ன வழி என்பதற்கு, சில உதாரணங்கள்.

ஆந்திராவில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு இரண்டு கிலோவாட் சோலாரை முழுக்க இலவசமாகப் போட்டுக் கொடுப்பதாக அரசு அறிவித்தது, சூர்யா கர் மானியத்தையும் மாநிலப் பணத்தையும் சேர்த்து, மின் விநியோக நிறுவனமே முன்னின்று செய்கிற முறையில். குடும்பம் கையிலிருந்து போடவும் வேண்டாம், கடனுக்கு அலையவும் வேண்டாம். கேரளாவில் அரசின் மரபுசாரா எரிசக்தி நிறுவனமான அனெர்ட், லைஃப் மிஷன் என்ற அரசு வீட்டுத் திட்டத்தில் வீடு பெற்ற பட்டியலினக் குடும்பங்களுக்குச் சோலார் போட்டு, மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்குக் கொடுத்து வருமானம் பார்க்கிற மாதிரி ஒரு திட்டம் நடத்துகிறது. பில் குறைவதில் ஏழைக்குப் பயன் இல்லை என்று மீட்டர் சார் சொன்னாரே, அதற்கு இது ஒரு பதில்.

டெல்லியில் 2019இலேயே மெய்நிகர் நெட் மீட்டரிங் விதிமுறை வந்துவிட்டது. பேனல் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடக் கூரையில் இருக்கும், அதில் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கும், உற்பத்தியில் உங்கள் பங்கு உங்கள் பில்லில் கழியும். வாடகை வீட்டுக்காரருக்கும் அடுக்குமாடிக்காரருக்கும் இதுதான் பொருந்தும். எட்டாவது மாடி அக்கா கட்டடத்தின் கூரை பொதுப் பயன்பாட்டுக்கே சரியாகிவிடும், நூறு வீட்டுக்கு அந்த 30 கிலோவாட் எந்த மூலைக்கு? வீடுகளுக்கு வேறு இடத்தில்தான் பேனல் போட வேண்டும்.

டெக்சாஸ் மதுரைக்காரன்

இங்கே அமெரிக்காவில் நடந்ததையும் ஒரு எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன். 2021 ஜனவரியில் பைடன் அரசு ஓர் ஆணை போட்டது: பருவநிலை, சுத்தமான எரிசக்தி முதலீடுகளின் பயனில் 40 சதவீதம் காலங்காலமாகப் புறக்கணிக்கப்பட்ட, மாசுக்கு நடுவே வாழ்கிற மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும். 2022இல் வந்த பெரிய சட்டத்தில் ஏழை வீடுகளின் சோலாருக்கு என்றே 700 கோடி டாலர் ஒதுக்கினார்கள், 2024இல் 60 அமைப்புகளுக்கு அதைப் பகிர்ந்தும் கொடுத்தார்கள். இங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வேலியோரம் குடியிருக்கும் கறுப்பின, லத்தீன் மக்கள் நம் எண்ணூர்க்காரர்கள் மாதிரிதான், அவர்களுக்கு முதல் முறையாக ஒரு கணக்கு எழுதப்பட்டது. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற அன்றே அந்த 40 சதவீத ஆணை ரத்து. ஆகஸ்டில் சோலார் நிதியையும் நிறுத்திவிட்டார்கள், வழக்குகள் தொடர்ந்தன. ஆணையில் வந்த பங்கு இன்னோர் ஆணையில் போய்விடும். நம் ஊரில் கேட்கும்போது அரசாணையோடு திருப்திப்படாமல் சட்டத்தில் எழுதக் கேளுங்கள்.

திருவொற்றியூர் தம்பி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. சுரங்கங்களுக்கு ஏற்கெனவே நம் நாட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. 2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி மாவட்ட கனிம அறக்கட்டளை என்று கொண்டு வந்தார்கள், தோண்டுகிறவர் ராயல்டியோடு ஒரு பங்கை அந்த மாவட்டத்து மக்களுக்காகக் கட்டியாக வேண்டும். செலவழிப்பதில் ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் பங்கு என்பது சட்டப்படி இருக்கிறது. மின்சாரத்துக்கு ஏன் அது இல்லை? கமுதி நிலையம் கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் கொடுத்தாலே வருடத்துக்கு 94 கோடி யூனிட். யூனிட்டுக்கு ஐந்து காசு எடுத்து வைத்தால் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு வருடம் 4.7 கோடி ரூபாய். எங்கள் பக்கத்து 4,130 மெகாவாட் பாதித் திறனில் ஓடினாலும் 1,800 கோடி யூனிட், ஒரே ஒரு காசு எடுத்தாலே 18 கோடி. ஒரு காசு ஏறியதை எந்த வீட்டு பில்லிலும் யாராலும் கண்டுபிடிக்கக்கூட முடியாது.

2017இல் எண்ணூர் நிலையத்தை மூடியபோது ஊரில் ஒரு பெருமூச்சு வந்தது. இப்போது அதே இடத்தில் 660 மெகாவாட் நிலக்கரி நிலையத்துக்கு வேலை நடத்தப் பார்க்கிறார்கள், 2024 டிசம்பரில் கருத்துக்கேட்பும் நடத்தினார்கள். மின்கம்பி, துணைமின் நிலையம், நிலம் எல்லாம் தயாராக இருக்கிற இடம் அது. மாலை நேரத் தேவைக்கான பெரிய பேட்டரித் தொகுப்பை அங்கே வைத்தால் என்ன? மீட்டர் சார், இது நடக்கிற காரியமா?

மீட்டர் ரீடிங்

தாராளமாக நடக்கும். பழைய அனல்மின் நிலைய வளாகம்தான் பேட்டரிக்கு முதல் தரமான இடம், மின்தொகுப்போடு (கிரிட்) இணைப்பு ஏற்கெனவே இருப்பதால் செலவில் பெரும் பகுதி மிச்சம். பகலில் தெற்கே இருந்து வருகிற சோலாரை வாங்கி வைத்துக் கொண்டு ராத்திரி ஏழிலிருந்து பதினொன்று வரை சென்னைக்குக் கொடுக்கலாம். நிலக்கரி அளவுக்கு ஆட்களுக்கு வேலை இருக்காது, அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் சாம்பல் இருக்காது.

காசுக் கணக்கிலும் ஒரு திருத்தம். உற்பத்தியாளர் மேல் வரி மாதிரிப் போட்டால் அவர் விலையில் ஏற்றிவிடுவார், கடைசியில் நம் பில்லுக்கே வரும். அதனால் ஏலம் விடும்போதே நிபந்தனையில் சேர்ப்பதுதான் சுத்தம். எல்லா ஏலதாரருக்கும் ஒரே நிபந்தனை என்றால் யாரும் குஜராத்துக்கு ஓட மாட்டார்கள்.

தாமிரபரணிக்காரன்

ஏல நிபந்தனையில் என்றால் எனக்கும் சம்மதம். முன்கூட்டியே தெரிந்தால் முதலீட்டாளர் கணக்கில் சேர்த்துக் கொள்வார், நடுவில் வந்து பிரச்சினை செய்வதுதான் அவர்களுக்குப் பயம். அதில் பாவகடா மாதிரி குத்தகை, நிலமில்லாதவருக்குத் தனிப் பங்கு, நீர்வரத்து ஓடைக்கு வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று மூன்றையும் சேர்க்கச் சொல்லலாம்.

கரிசல்காட்டான்

அடுத்த கிராம சபைக்கு இதைத் தீர்மானமாகக் கொண்டு போகப் போகிறேன். எழுதி வைத்திருப்பது இது, குறை இருந்தால் சொல்லுங்கள்:

"எங்கள் ஊராட்சி எல்லைக்குள் அமையும் எந்தச் சூரிய, காற்று மின் திட்டத்துக்கும் நிலம் கைமாறும் முன்பு கிராம சபையில் வரைபடத்துடன் விளக்கம் தர வேண்டும். ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு, பாதை ஆகியவற்றை வேலிக்குள் கொண்டுவரக் கூடாது. திட்டம் இயங்கும் காலம் முழுவதும் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பங்கை ஊராட்சிக்குச் செலுத்த வேண்டும், அதில் பாதி நிலமற்ற குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும். நிரந்தரப் பராமரிப்பு வேலைகளில் உள்ளூர்ப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து முன்னுரிமை தர வேண்டும்."

பவானி ஆத்தங்கரை

நன்றாக இருக்கிறது. "ஊராட்சியே சொந்தமாக மின் நிலையம் அமைக்க அரசு கடன் உத்தரவாதம் தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துக் கொள்ளுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதும் நகல் கேட்டு வாங்கி வையுங்கள், கலெக்டரிடம் போகும்போது அந்த நகல்தான் பேசும்.

எட்டாவது மாடி

நாங்களும் சங்கத்தில் பேசியிருக்கிறோம். எங்கள் கட்டடத்தில் உள்ள பெண்கள் குழுவே முன்னால் நிற்பதாகச் சொல்கிறார்கள். மொட்டை மாடிச் சாவிக்கும் சம்மதக் கடிதத்துக்கும் அதிகாரிகளிடம் மனு எழுத வேண்டும். தம்பி, டெக்னீஷியன் தம்பி, என்னென்ன தாள் சேர்த்து வைக்க வேண்டும்?

சோலார் டெக்னீஷியன்

அக்கா, சங்கப் பதிவுச் சான்று, சங்கத் தீர்மானத்தின் நகல், சங்கத்தின் வங்கிக் கணக்கு விவரம், பொது இணைப்பின் கடைசி ஒரு வருட பில்கள். பில்லில் இணைப்பு எண்ணும் அனுமதிக்கப்பட்ட சுமையும் இருக்கும், அந்தச் சுமையைப் பார்த்துத்தான் எத்தனை கிலோவாட் கேட்கலாம் என்று முடிவு செய்ய முடியும். மாடியில் டேங்க் எந்தப் பக்கம், லிஃப்ட் ரூம் எந்தப் பக்கம், மத்தியானம் நிழல் எங்கே விழுகிறது என்று நாலு படம் எடுத்து இங்கேயே போடுங்கள், வரைந்து தருகிறேன். மனுவில் ஐந்து வருடப் பராமரிப்புக்கும் சேர்த்தே கேளுங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.